லக்குக்கு அடியில் ஒரு வாஷர்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களுக்கு ஒயரிங் போட்டுக் கொடுக்கும் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். முதல் வாரமே உங்கள் கையில் நட்டு, வாஷர் டப்பாக்களைக் கொடுத்து, இனம் பிரித்து வைக்கச் சொல்லியிருப்பார்கள். இதற்கா டிப்ளமோ படித்தோம் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பீர்கள். பரவாயில்லை, அந்த முகத்தோடேயே இதைப் படியுங்கள்.

எந்த இடத்துக்கு எந்த நட்டு என்று பட்டறைச் சுவரில் பட்டியல் ஒட்டியிருக்கிறது. எஞ்சின் பக்கம் நைலான் வளையம் உள்ள நட்டு கூடாது, சூட்டில் நைலான் இளகிவிடும். மின்சாரம் பாயும் ஸ்டட், அதாவது நட்டு ஏறுகிற மரைக் கம்பி, பித்தளையாக இருக்க வேண்டும். ஒயர் முனையில் மாட்டுகிற ஓட்டை போட்ட லக்கை, ஒரே ஸ்டட்டில் நாலுக்கு மேல் அடுக்கக் கூடாது. இதையெல்லாம் நீங்களே படித்துக்கொள்வீர்கள். அந்தப் பட்டியலைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கக்கூடிய ஒருத்தி, ஒரே ஒரு வாஷரை வைக்கக் கூடாத இடத்தில் வைத்ததைப் பற்றித்தான் நான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஒருத்தி நான்தான்.

எனக்குத் திருவிடைமருதூர்ப் பக்கம். ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படித்துவிட்டு, விமானம் ஓட்டப் பழக்கும் பள்ளி ஒன்றின் ஹேங்கரில் இருபத்தெட்டு வருடம் மின்சாரப் பிரிவில் இருந்தேன். ஓய்வு பெற்று ஊருக்கு வந்தால் சும்மா இருக்க விட்டார்களா? ‘விமானத்தையே ரிப்பேர் பண்ணினவங்க, இந்த மோட்டாரு என்ன பெரிசு’ என்று சொல்லிச் சொல்லியே ஊரிலிருக்கிற பம்ப்செட் ஸ்டார்ட்டர் பெட்டிகளை எல்லாம் என் தலையில் கட்டிவிட்டார்கள். ஆறு வருடம் அந்த வேலை பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன்.

பம்ப்செட் பெட்டிக்குள் எல்லாமே தேய்ந்துதான் இருக்கும். ஒயர் முனையில் மாட்டுகிற செம்பு லக்கு, கடையில் எந்த அளவு இருந்ததோ அந்த அளவுதான். லக்கின் ஓட்டை பெரிதாக இருந்தால் அது ஸ்டட்டில் ஆடும். அதற்கு எங்கள் பக்கம் ஒரு கைவழக்கம் உண்டு. லக்குக்கு அடியில் ஒரு இரும்பு வாஷர், மேலே ஒரு இரும்பு வாஷர், நட்டைப் போட்டு இறுக்கு, முடிந்தது. மும்முனை கரண்ட் இருக்கிற சில மணி நேரத்துக்குள் தண்ணீர் வயலுக்குப் பாய வேண்டும், அளவான லக்கைத் தேடிக் கும்பகோணம் போய்வர நேரமிருக்காது. அடி வாஷர் சூடாகிக் கருத்துப்போனால் அடுத்த மாதம் மாற்றிக்கொள்ளலாம். மோட்டார் நின்றால் பயிர் வாடும். அங்கிருந்து யாரும் கீழே விழப் போவதில்லை.

இந்தச் சமயத்தில்தான் குணா என்னைத் தேடி வந்தார். எங்கள் ஊர் அரிசி மில்காரர் வீட்டுப் பிள்ளை. மஸ்கட்டில் வேலை பார்த்து, விமானம் ஓட்ட லைசென்ஸ் எடுத்து, இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானத்துக்கான பாகங்களைப் பெட்டி பெட்டியாக வாங்கிக்கொண்டு திரும்பியவர். ஓட்டம் நின்றுபோன மில்லின் குடோனில் வைத்து நாலு வருடமாக அதைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி செல்வி பள்ளியில் கணக்கு டீச்சர். சாயங்காலம் பள்ளி விட்டதும் நேரே குடோனுக்கு வந்து, ஒவ்வொரு ஒயருக்கும் நம்பர் எழுதி ஒட்டுவது அவர் வேலை.

அந்த மில் களத்தில் என் அம்மா வெயிலில் நின்று நெல்லைத் துழாவிக் கூலி வாங்கியிருக்கிறாள். அலுவலக அறை வாசலைத் தாண்டி அவள் உள்ளே போனதில்லை. குணாவோ எனக்கென்று ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார். நான் வருகிறவரை அதில் வேறு யாரும் உட்காரமாட்டார்கள். ஊரே பார்க்க ‘வாங்கக்கா’ என்று எழுந்து நிற்பார். எனக்கு அது பிடித்திருந்தது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் ரொம்பவே பிடித்திருந்தது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

நட்டு, வாஷர் வாங்குகிற நாளில் எங்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது.

“அக்கா, நாம பறக்கப் போறது கடலோரம். உப்புக் காத்து. எல்லாத்தையும் எஸ்.எஸ்.ல போட்டுடலாமே, துருவே பிடிக்காது” என்றார் குணா.

“துரு பிடிக்காது தம்பி. கரண்டும் ஒழுங்காப் போகாது. சும்மா பிடிச்சு நிறுத்துற எடத்துல எஸ்.எஸ். போடுங்க, யார் வேணாங்கறது? கரண்டு பாயுற எடத்துல செம்பும் பித்தளையும்தான்.”

“அப்ப நட்டு வழியா கரண்டு போகாதா?”

“போகக் கூடாது. லக்கோட முகம் ஸ்டட்டோட அடித்தட்ட நேராத் தொடணும். அந்த முகம் வழியாத்தான் போகணும். நட்டும் வாஷரும் மேல ஏறி உக்காந்து அமுத்துறதுக்கு மட்டும்தான். நடுவுல எதுவுமே வரக் கூடாது.”

குணா நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். செல்வி டீச்சர் சிரித்தார். “கல்யாணமாகி பத்து வருஷத்துல நான் சொன்னத ஒரு வரி எழுதி வெச்சதில்ல. நீங்க சொன்னா மட்டும் நோட்டு தானா வருது பாருங்க.”

நடுவில் எதுவுமே வரக் கூடாது. நான் சொன்ன வார்த்தை, அவர் நோட்டில் இருந்தது.

பறந்து பார்க்க அனுமதி வந்து, விமானத்தின் இறக்கைகளைக் கழற்றி லாரியில் ஏற்றுவதற்கு முந்தின நாள். எஞ்சினுடைய எர்த்துப் பட்டை மெல்லியதாக இருக்கிறது என்று எனக்கு ஒரு உறுத்தல். எஞ்சின் ரப்பர்க் கட்டைகளின் மேல்தான் உட்கார்ந்திருக்கும், விமானத்தின் உடம்போடு அதற்கு நேரடித் தொடர்பு கிடையாது. அதனால் எஞ்சினிலிருந்து ஒரு செம்புப் பின்னல் பட்டை வந்து, விமானியின் காலுக்கு முன்னால் இருக்கும் தடுப்புத் தகட்டின் பித்தளை ஸ்டட்டில் சேரும். ஸ்டார்ட்டர் இழுக்கிற கரண்ட், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற ஆல்டர்னேட்டர் கொடுக்கிற கரண்ட் இரண்டுக்கும் திரும்புகிற வழி அந்த ஒரு பட்டைதான். அதைத் தடிமனாக மாற்றிவிடலாம் என்று புதுப் பட்டை தயார் செய்தேன். யோசனை சரியானதுதான். புதுப் பட்டையின் லக்கில் ஓட்டை பெரிதாக இருந்தது. ஸ்டட் எட்டு எம்.எம்., ஓட்டை பத்து. சரியான லக்கு சென்னையிலிருந்து வர மூன்று நாள் ஆகும்.

லக்கைக் கையில் வைத்துக்கொண்டு நான் நிற்கிறேன். குடோன் வாசலில் எங்கள் தெரு ராமலிங்கம் வந்து நின்றார்.

“அக்கா, மோட்டாரு எடுக்கமாட்டேங்குது. மூணு மணிக்கு கரண்டு போயிடும். நாத்தங்கால் வெடிச்சுக் கெடக்கு, இன்னிக்குத் தண்ணி காட்டலன்னா குறுவையே போச்சு.”

“இருங்கண்ணே, இதோ வந்துட்டேன்.”

என் பம்ப்செட் பை பக்கத்திலேயே திறந்து கிடந்தது. கை அதற்குள் போனது, இரண்டு வாஷரை எடுத்தது. அடியில் ஒன்று, மேலே ஒன்று. அதன் மேல் லாக் வாஷர், நட்டு. அளவான இறுக்கம் வைத்தேன். நட்டின் மேல் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்தேன். அந்தக் கோட்டுக்கு, இறுக்கியாயிற்று, சரிபார்த்தாயிற்று, இனி யாரும் தொட வேண்டாம் என்று அர்த்தம்.

“முடிஞ்சுதாக்கா?” என்றார் குணா, விமானத்தின் மறுபக்கத்திலிருந்து.

“முடிஞ்சுது தம்பி.”

சரிபார்ப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ராமலிங்கத்தின் வண்டியில் ஏறிப் போனேன். இரண்டரை மணிக்கு அவர் மோட்டார் ஓடியது, நாற்றங்காலில் தண்ணீர் ஏறியது. நல்ல வேலை பார்த்த நிறைவோடு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். தப்புச் செய்கிறோம் என்ற எண்ணம் எனக்கு ஒரு நொடிகூட வரவில்லை. மனசறிந்து செய்த தப்பு என்றால் உறுத்திக்கொண்டாவது இருந்திருக்கும். இது கை செய்தது. ஆறு வருடமாகத் தினமும் செய்ததை அன்றும் செய்தது.

கோடியக்கரை போகிற வழியில், உப்பளங்களை ஒட்டி ஒரு தனியார் ஓடுபாதை இருக்கிறது. அங்கே கொண்டுபோய் இறக்கைகளைப் பூட்டினோம். முதல் நாள் பத்து நிமிடம் பறந்தார். செல்வி டீச்சர் அழுதார், நானும்தான். இரண்டாம் நாள் கால் மணி நேரம். எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் கைப்பிடியைப் பற்றி இறங்கியதும் குணா சொன்னார், “த்ராட்டில் தள்ளும்போது கொஞ்சம் சொரசொரன்னு இருக்குக்கா.”

“புதுக் கேபிள் தம்பி. போகப் போகச் சரியாயிடும்.”

எனக்கு நானே கொடுத்துக்கொண்ட இரண்டாவது சர்டிபிகேட் அது.

மூன்றாம் நாள் காலை ஒன்பதரைக்குக் கிளம்பினார். கரையோரமாகவே வடக்கே போய், ஒரு மணி நேரத்தில் திரும்புவது திட்டம். ஓடுபாதை ஓரத்தில் ஒரு வேப்பமர நிழலில், ஜீப்புக்குப் பக்கத்தில் நானும் செல்வி டீச்சரும். ரேடியோ டீச்சர் கையில் இருந்தது. குணா ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உயரம், வோல்ட், எண்ணெய்ச் சூடு என்று சொல்லிக்கொண்டே வர, டீச்சர் நோட்டில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டிருந்தார். நான் காலை நீட்டிக்கொண்டு முறுக்கு தின்றுகொண்டிருந்தேன்.

இருபது நிமிடம் ஆகியிருக்கும். குரல் கொஞ்சம் மாறி வந்தது.

“செல்வி, வோல்ட் பன்னெண்டரைக்கு வந்துடுச்சு. கெளம்பும்போது பதிமூணு எட்டு. ஆல்டர்னேட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தேன், லேசா ஏறுது, உடனே எறங்கிடுது. இன்னொண்ணு, த்ராட்டில் ரொம்பக் கட்டியா இருக்கு. அழுத்தித் தள்ளினா அசையுது, ஆனா கட்டி. அக்காவக் கேளு, என்ன பண்ணட்டும்?”

செல்வி டீச்சர் என்னைப் பார்த்தார்.

பிள்ளைகளே, இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் என்ன என்பது எனக்குத் தெரியும். வோல்ட் மட்டும் இறங்கினால் நூறு காரணம் இருக்கலாம். த்ராட்டில் மட்டும் கட்டியானால் நூறு காரணம் இருக்கலாம். இரண்டும் ஒன்றாக வந்தால் ஒரே காரணம்தான். எஞ்சினின் எர்த்து விட்டுப்போயிருக்கிறது. திரும்புகிற வழி அடைபட்ட கரண்ட், எஞ்சினையும் உடம்பையும் தொட்டுக்கொண்டிருக்கிற வேறு ஏதாவது இரும்பைத் தேடிக்கொள்ளும். த்ராட்டில் கேபிள் அப்படி ஒரு இரும்புக் கம்பி, பிளாஸ்டிக் குழாய்க்குள் ஓடுவது. அத்தனை ஆம்பியரும் அதற்குள் பாய்ந்தால் கம்பி காயும், குழாய் உருகிக் கம்பியைக் கவ்விக்கொள்ளும்.

எர்த்து ஏன் விட்டுப்போனது? கேள்வி மனசில் முழுசாக முடிவதற்குள் என் விரல் நுனியில் அந்த வாஷரின் தகரப் பூச்சு வழுவழுப்பு தெரிந்தது. பம்ப்செட் பை. அடியில் ஒன்று, மேலே ஒன்று.

“அக்கா?” என்றார் டீச்சர்.

“இருங்க டீச்சர், யோசிக்கிறேன்.”

நான் யோசிக்கவில்லை. விடை எனக்கு வந்துவிட்டது. அதற்குப் பதிலாக வேறொரு விடை கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தேன். ஆல்டர்னேட்டர் பெல்ட் குணா பூட்டியது, தளர்ந்திருக்கலாம். ரெகுலேட்டர் விமானப் பாகங்களோடு வந்தது, அதிலேயே கோளாறு இருந்திருக்கலாம். லாரியில் வரும்போது எதிலாவது இடித்திருக்கலாம். அதற்கு நடுவில் அந்த நாற்காலி கண்ணில் வந்தது. நாளைக்கு மில்லுக்குள் நான் நுழைந்தால் யார் எழுந்து நிற்பார்கள், ஊரில் என்ன பேசிக்கொள்வார்கள், இருபத்தெட்டு வருடம் ஹேங்கரில் கிழித்தது இதுதானா என்று கேட்பார்களா, இப்படியெல்லாம் ஓடியது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ரேடியோ கரகரத்துக்கொண்டிருந்தது. வானத்தில் ஒரு மனிதன் என் பதிலுக்காக நேராகப் பறந்துகொண்டிருந்தான்.

“டீச்சர், மைக்கக் குடுங்க” என்றேன்.

வாங்கி அழுத்தினேன். “தம்பி, ஆல்டர்னேட்டர ஆஃப் பண்ணுங்க. பண்ணிட்டுத் திரும்புங்க.”

“அக்கா, ஆஃப் பண்ணினா வெறும் பேட்டரிதான். பெட்ரோல் பம்பு, இக்னிஷன் ரெண்டும் அதுல ஓடணும். கொஞ்சமாவது சார்ஜ் ஏறட்டுமே.”

அவர் கேட்டது நியாயம். அவர் படித்த எந்தப் புத்தகமும் அந்த நேரத்தில் ஆல்டர்னேட்டரை அணைக்கச் சொல்லாது. உயிர் ஓடுகிற கரண்டைக் கீழே நிற்கிற ஒருத்தி சும்மா நிறுத்தச் சொன்னால் எந்த விமானி நிறுத்துவான்? காரணம் தெரிந்தால்தான் நிறுத்துவார். காரணம் என்னிடம் இருந்தது. பக்கத்தில் அவர் மனைவி நின்றுகொண்டிருந்தார்.

“எஞ்சின் எர்த்து லக்குக்கு அடியில நான் இரும்பு வாஷர் வெச்சிட்டேன். ஓட்ட பெருசா இருந்துது, பம்ப்செட்டுக்கு வெக்கிற மாதிரி வெச்சிட்டேன். எர்த்து போயிடுச்சு. கரண்டு பூரா த்ராட்டில் கேபிள் வழியாப் போகுது, அதான் கட்டியாகுது. ஆஃப் பண்ணு குணா. இப்பவே பண்ணு.”

அவரை ஒருமையில் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

செல்வி டீச்சர் பென்சிலை நோட்டின் மேல் வைத்தபடி என்னையே பார்த்தார். பிறகு குரல் வந்தது.

“ஆஃப். திரும்பிட்டேன்.” த்ராட்டிலைத் தள்ளிப் பார்த்திருக்கிறார். “அக்கா, த்ராட்டில் அசையல. அப்ப அசைஞ்சுது. இப்ப ரெண்டு கையால தள்ளினாலும் அசையல.”

“எங்க நிக்குது?”

“முக்காலுக்கு மேல.”

முக்கால் சக்தியில் ஓடுகிற எஞ்சினோடு தரையிறங்க முடியாது. வேகம் குறையாமல் ஓடுபாதையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். எனக்குத் தெரிந்தது மின்சாரம், பறப்பது அவருக்குத் தெரிந்தது. அந்த நேரத்தில் என் வேலைக்குள் நின்றுகொண்டேன் என்பது ஒன்றுதான் அன்றைக்கு நான் உருப்படியாகச் செய்தது.

“பேட்டரி அரை மணி நேரம் தாங்கும் தம்பி. பம்பு, இக்னிஷன், ரேடியோ, மீட்டர் தவிர மத்த எல்லாத்தையும் அணைச்சிடுங்க. எஞ்சின நிறுத்தணும்னா இக்னிஷன் சுவிட்ச்ல நிறுத்தலாம், அது வேல செய்யும். ஆனா ஒரு தடவ நிறுத்தினா நிறுத்தினதுதான். மறுபடி ஸ்டார்ட்டர் அடிக்காதீங்க. அந்தக் கரண்டும் கேபிள் வழியாத்தான் போகும், தீப்பிடிச்சிடும்.”

“புரியுது. அப்ப ஓடுபாதைக்கு நேர் மேல உயரமா வந்து நிறுத்திட்டு, சுத்தி எறங்கிக்கறேன். ஒரே சான்ஸ்தான்.” பிறகு, “செல்வி, நோட்டுல எழுதிக்கிட்டே இரு. நான் சொல்லிக்கிட்டே வர்றேன்” என்றார்.

இருபது நிமிடத் தூரம். பன்னிரண்டு நாலு. பன்னிரண்டு மூன்று. டீச்சர் எழுதினார். பன்னிரண்டு மூன்று. ஓடுபாதைக் காவலாளியை அழைத்து, அந்தக் கோடியில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளை ஓட்டச் சொன்னேன். ஜீப்பிலிருந்த தீயணைப்பானை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பன்னிரண்டு ஒன்று. டீச்சருடைய எண்கள் கரும்பலகையில் எழுதுவதுபோல் திருத்தமாக விழுந்துகொண்டிருந்தன.

முதலில் சத்தம் கேட்டது. அப்புறம் உப்பளத்துக்கு மேலே வெள்ளையாகத் தெரிந்தது. தலைக்கு நேராக வந்ததும் “நிறுத்தறேன்” என்றார். சத்தம் நின்றது.

எஞ்சின் சத்தம் இல்லாத விமானத்தை நான் இருபத்தெட்டு வருடத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், எல்லாம் ஹேங்கருக்குள். அது ஒரு பெரிய வட்டம் போட்டது. கடல் பக்கம் போய்த் திரும்பியது. ரொம்பத் தாழ்ந்துவிட்டதோ என்று நினைத்தேன். திரும்பி நேரான பிறகு ரொம்ப உயரமாக வருகிறதே என்று பதறினேன். ஓடுபாதையின் முதல் பாதி முழுக்கச் சக்கரம் தரையில் படாமலே கடந்தது. நடுவைத் தாண்டித்தான் தொட்டது, ஒருமுறை எம்பியது, மறுபடி தொட்டது. பிரேக் கிறீச்சிட்டது. கோடி வந்தும் நிற்கவில்லை. தார் முடிகிற இடத்தைத் தாண்டி உப்பளச் சேற்றில் முன்சக்கரம் இறங்கி, மூக்கு குத்திக்கொண்டு நின்றது.

நாங்கள் இருவரும் ஓடினோம். பாதித் தூரத்திலேயே விமானத்தின் கண்ணாடி மூடி திறந்து குணா இறங்குவது தெரிந்தது. நான் நின்றுவிட்டேன். டீச்சர் நிற்காமல் ஓடினார்.

அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் போய்ச் சேர்ந்தபோது குணா சேற்றில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றார். “உக்காருங்க தம்பி” என்றேன். அழுகை வந்துவிட்டது.

எஞ்சின் மூடியைக் கழற்றினோம். சிவப்புக் கோடு அப்படியே இருந்தது, நட்டு ஒரு மயிரிழைகூட நகரவில்லை. நட்டை எடுத்தேன். மேல் வாஷர் புதுசு மாதிரி இருந்தது. லக்கை எடுத்தேன். அடி வாஷர் நீலம் பாரித்து, ஓரம் கருகி, லக்கின் முகத்தில் வட்டமாக ஒரு தழும்பு போட்டிருந்தது. பெரிய ஓட்டையைச் சுற்றி விளிம்பில் மட்டும்தான் அது தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வெந்து, மூன்றாம் நாள் கைவிட்டது. த்ராட்டில் கேபிளின் குழாய் உருகிக் கம்பியோடு ஒட்டியிருந்தது.

சரியான நட்டு. சரியான ஸ்டட். சரியான இறுக்கம். அதனால்தான் வெளியிலிருந்து பார்த்த யாருக்கும் எதுவும் தெரியவில்லை, எனக்கும்கூட. உங்கள் பட்டறையில் இப்போது நட்டைப் போடுவதற்கு முன் இன்னொருவரைக் கூப்பிட்டு லக்கின் அடியைக் காட்ட வேண்டும் என்ற விதி இருக்கிறதே, அது அன்றைக்கு வந்த விதி. லக்கு பொருந்தவில்லை என்றால் விமானம் காத்திருக்கும், மூன்று நாளானாலும் சரி, முப்பது நாளானாலும் சரி. உங்களுக்கு வேறு தொழிலில் பழகிய கை இருந்தால், டிராக்டரோ ஜெனரேட்டரோ கல்யாணப் பந்தல் லைட்டோ, அந்தப் பையை விமானத்துக்குப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். உங்கள் கையை நீங்களே நம்ப வேண்டாம்.

பட்டறையில் சொல்லித்தருகிறபோது இதோடு நிறுத்திக்கொள்வேன். எழுதுகிறபோது நிறுத்த மனசு வரவில்லை.

குணா காவலாளியோடு கயிறு தேடிப் போயிருந்தார். செல்வி டீச்சர் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். புடவை முழங்கால்வரை சேறு. நோட்டை விரித்து ஒரு கட்டத்தின் மேல் விரல் வைத்தார்.

“அக்கா, இங்க பாருங்க. இந்த நேரத்துல அவரு கூப்பிட்டாரு. த்ராட்டில் கட்டியா இருக்கு, ஆனா அசையுதுன்னு சொன்னாரு. எழுதியிருக்கேன்.”

“ஆமாம் டீச்சர்.”

விரல் அடுத்த வரிக்குப் போனது. “நீங்க மைக்க வாங்கிப் பேசினது இது. அப்ப அசையலன்னு சொல்லிட்டாரு. நடுவுல ஒண்ணரை நிமிஷம். அசையும்போதே சொல்லியிருந்தா, இழுத்துக் குறைச்சிட்டு எஞ்சினோடவே எறங்கியிருப்பாரு.”

வாஷரை வைத்தது கைப்பழக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த ஒன்றரை நிமிடத்துக்கு எந்தப் பழக்கத்தையும் காரணம் காட்ட முடியாது.

“அந்த நேரத்துல நான் உங்க வீட்டுக்காரரப் பத்தி யோசிக்கல டீச்சர்” என்றேன். “என்னப் பத்தித்தான் யோசிச்சுக்கிட்டு நின்னேன்.”

அவர் நோட்டை மூடினார்.

“தெரியும்க்கா” என்றார். “பக்கத்துலதானே நின்னேன்.”